இருபத்துநாலிலிருந்து கீழே

தொடங்கும்போது எட்டு அணி.
இரும்புக்கடை லோகிதாசன் எட்டுக்கும் ஜெர்சி தைத்தார்.
முதுகில் எண்ணைவிட அவர் கடைப் பெயர் பெரிது.
மூன்றாவது துவைப்பில் கடை போயிற்று,
எண் நின்றது.

காசிமேட்டுக்காரர்கள் சுறா. எண்ணூர் கிரேன்.
கொருக்குப்பேட்டை மட்டும் பிடிவாதமாக
'லெவல் கிராசிங்' என்று வைத்துக்கொண்டது.
அவர்கள் தாமதமாக வந்தால்
யாரும் காரணம் கேட்பதில்லை.

நான் ஸ்கோர் மேசை.
பகலில் ஐஸ் கம்பெனியில் கணக்கு,
சனி ஞாயிறு சாயங்காலம்
தண்டையார்பேட்டை மைதானத்தில் இதே பேனா.
நோட்டின் முன்பக்கம் புள்ளிகள்.
பின்பக்கம், யாருக்கு எவ்வளவு பாக்கி.

ஆட்டத்துக்கு எண்ணூறு என்று பேச்சு.
முதல் எண்ணூறை எபினேசரின் அம்மா
நாலாக மடித்து மாவு டப்பாவில் வைத்தாளாம்.
"புரொஃபஷனல் துட்டு, தொடாதே" என்றானாம் இவன்.
இரண்டாம் சீசனில் லோகிதாசன் தந்த காசோலைகள்
எங்கள் பந்துகளைவிட நன்றாகத் துள்ளின:
பேங்க் வரை போய்
நேரே கைக்கே வந்தன.

ஃபுட்பாலுக்குக் கூடுகிற ஊர் இது.
குத்துச்சண்டை என்றால் சோற்றை மறக்கிற ஊர்.
கேரம் போர்டைச் சுற்றி நாற்பது பேர் மூச்சடக்கி நிற்பார்கள்.
எங்களுக்கு முதல் நாள் பதினோரு பேர்,
அதில் மூன்று பேர் தண்ணி லாரிக்குக் காத்திருந்தவர்கள்.
லாரி வந்ததும் கூட்டம் எட்டானது.

அடுத்த வாரம் அந்த மூவரில் ஒருத்தி
குடமில்லாமல் வந்து கேட்டாள்:
"அந்த ஒல்லி நெட்டையன் இன்னிக்கு ஆடலியா?"
லீக் வளர்ந்தது வளர்ந்தது என்கிறார்களே,
எனக்கு அது இந்தக் கேள்விதான்.

பிறகு மழை.
வெள்ளம் இறங்கியபோது மைதானத்தில்
ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு மேல் கறுப்பாய் இன்னொரு கோடு, எண்ணெயில்.
மணலி அணி கலைந்தது.
கிரேனில் மூன்று பேர் சாப்பாட்டுப் பை சுமக்கப் போனார்கள்,
இரண்டு பேர் துபாய்க்கு.
மூன்றாம் சீசனில் நாங்கள் நாலு அணி
லீக் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின இரவு
வாடகை பாக்கிக்காக
இருபத்துநாலு நொடிக் கடிகாரத்தை அவிழ்த்துப்போனார்கள்.
கம்பத்தில் வயர் தொங்கியது.
ரெஃபரி தங்கமாரி என்னைப் பார்த்தார்.
நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து
வாய்விட்டு எண்ணினேன்.
இருபத்துநாலு. இருபத்துமூணு.
பதினெட்டில் பின்னாலிருந்து இன்னொரு குரல்.
பத்தில் மைதானம் முழுக்க.

ஐந்நூறு பேர், ஐந்நூறு கடிகாரம்.
எதிரணி கையில் பந்திருந்தால் எண் ஓடியது,
நம்மாள் கைக்கு வந்தால்
காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது.
தங்கமாரி இரண்டு முறை ஆட்டத்தை நிறுத்தி
ஜனங்களுக்கு ஃபவுல் சொன்னார்.

கடைசியில் சுறா ஒரு புள்ளி முன்னால்.
லெவல் கிராசிங் கையில் பந்து.
மூணு, என்றது ஊர். ரெண்டு, என்றது.
துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று
ஆரன் அடித்துக்கொண்டே கடந்தது.
எபினேசர் எம்பியதைப் பார்த்தேன்,
வலை அசைந்ததைப் பார்த்தேன்.
ஒண்ணு எங்கே விழுந்தது
தெரியாது.

தங்கமாரி மறுபடி என்னைப் பார்த்தார்.
நான் பேனாவைப் பார்த்தேன்.
இரண்டு புள்ளி எழுதினேன்.

கூட்டம் கலைந்தபின் சுறா கேப்டன் நாகூர் மீரான்
ஷூவைக் கழற்றிச் செருப்பு மாட்டியபடி வந்தான்.
யார்டில் நைட் ஷிஃப்ட் அவனுக்கு.
"எண்ணினியாக்கா?"
"ஆரன்ல கேக்கலப்பா."
கொஞ்ச நேரம் அந்த வயரையே பார்த்தான்.
அப்புறம் நோட்டைத் தானே திருப்பி,
பின்பக்கத்தில் விரல் வைத்து,
"இதையாவது கரெக்டா எண்ணு."

ஏழு ஆட்டம். ஐயாயிரத்து அறுநூறு.
எண்ணினேன், அவன் முன்னாலேயே,
மேலிருந்து கீழே ஒரு தரம்,
கீழிருந்து மேலே ஒரு தரம்.